தண்ணீரை விதைக்கும் மலை

கேள்வி: ஸ்பெயின் நாட்டு மலை ஒன்றில், கோடைக்குத் தேவையான தண்ணீரை முன்கூட்டியே மண்ணுக்குள் விதைத்து வைக்கிறார்களாமே, உண்மையா?

உண்மைதான். 'தண்ணீர் விதைப்பது' என்று அவர்களும் சொல்கிறார்கள். இடம், தென் ஸ்பெயினில் சியர்ரா நெவாடா மலையின் தெற்குச் சரிவில் இருக்கும் அல்புஹார்ரா. உச்சியில் சுமார் 3,480 மீட்டர் உயரமுள்ள முலாசென் சிகரம். குளிர்காலத்தில் அங்கே பனி கொட்டும். கோடையில் மழை அநேகமாகக் கிடையாது. பயிருக்குத் தண்ணீர் வேண்டியதோ அந்தக் கோடையில்தான்.

பொக்கேரா என்ற பள்ளத்தாக்கில் ஏறினால் பம்பனேரா, புபியோன், கபிலேரா என்று மூன்று வெள்ளை ஊர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். வீடுகளுக்கு மொட்டை மாடிதான். செஸ்ட்நட் மர உத்தரத்தின் மேல் கல் பலகை பாவி, அதன்மேல் 'லௌனா' என்ற சாம்பல் நிறக் களிமண்ணைப் பரப்பிவிடுவார்கள். ஈரம் பட்டால் அது இறுகி, ஒழுகாமல் காக்கும். ஊரைச் சுற்றிப் படிப்படியாகக் கல் அணை கட்டிய சிறு வயல்கள், வாதுமை, அத்தி, வால்நட் மரங்கள். இன்னும் கிழக்கே போனால் திரெவேலெஸ். குளிர்ந்த மலைக்காற்றில் உலர்த்தும் பன்றித்தொடைக்குப் பெயர் பெற்ற ஊர்.

சுற்றுலாப் பயணிகள் இதையெல்லாம் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஊருக்கு மேலே ஓடும் வாய்க்காலைப் பார்க்கிறவர்கள் குறைவு.

அதற்கு 'அசெக்கியா' என்று பெயர். சொல்லே அரபிலிருந்து வந்தது. முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் வெட்டியவை இவை. 1568-ல் எழுந்த கலகம் அடக்கப்பட்டு, அந்த மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். புதிதாகக் குடியேறியவர்களும் அதே வாய்க்கால்களை வைத்துத்தான் பிழைத்தார்கள்.

வேலை இப்படி நடக்கிறது. வசந்தத்தில் பனி உருகும்போது, ஓடைத் தண்ணீரை உயரத்திலேயே வாய்க்காலில் திருப்பி, பாறை சிதைந்து நீர் இறங்கக்கூடிய மேட்டில் பரவவிடுகிறார்கள். தண்ணீர் உள்ளே இறங்கி, மெதுவாக நகர்ந்து, வாரங்கள் மாதங்கள் கழித்துக் கீழே ஊற்றாக வருகிறது. எந்த இடத்தில் விட்டால் எந்த ஊற்று பெருகும் என்பது அந்த ஊர் நீர்க்கட்டிக்குத் தெரியும். பெர்ச்சுலெஸ் போன்ற ஊர்களில் இன்னும் இது நடக்கிறது.

இவை மண் வாய்க்கால்கள், கசியத்தான் செய்யும். சிமெண்ட் பூசினால் மிச்சமாகாதா என்று நம்மவர்கள் கேட்பார்கள். வயலில் போய்ச் சேரும் அளவு கூடும், சரி. ஆனால் கரையோர செஸ்ட்நட் மரங்கள் அந்தக் கசிவில்தான் நிற்கின்றன. கீழே இருக்கும் ஊற்றுக்கும் அதில் பங்கு உண்டு. என் துறையில் கசிவை நஷ்டக் கணக்கில்தான் எழுதுவோம். இந்த மலைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

சிக்கல் ஆள் பற்றாக்குறை. இளைஞர்கள் நகரத்துக்குப் போனார்கள், தூர்வார ஆளில்லாமல் பல வாய்க்கால்கள் மூடிப்போயின. ஓர் இடத்தில் கரை உடைந்தாலே போதும், அதற்குக் கீழே எல்லாம் காய்ந்துவிடும். 2014-ல் கான்யார் என்ற ஊரில், கைவிட்டுப்போன ஒரு வாய்க்காலை கிரனாடா பல்கலைக்கழகத்தாரும் தன்னார்வலர்களும் ஊர் விவசாயிகளும் மண்வெட்டியோடு இறங்கித் தூர்வாரித் தண்ணீர் விட்டார்கள்.

யாராவது அங்கே போக வாய்த்தால் பனி உருகும் காலத்தில் போங்கள். வாய்க்கால் கரையோரமாகவே நடந்து பார்க்கலாம். மடையில் மட்டும் கை வைக்க வேண்டாம். அந்த நேரத் தண்ணீர் யாரோ ஒருவருடைய முறை.