350 சி.சி.யைத் தாண்டினால் 40 சதவீத வரி! ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கத் துடிக்கும் வாலிபர்கள் போட மறக்கும் கணக்கு

ஓசூர்:-

மோட்டார் சைக்கிள்களுக்கான ஜி.எஸ்.டி. வரியில் 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந்தேதி வந்த மாற்றம், ஸ்போர்ட்ஸ் பைக் பிரியர்களை இரண்டு கோஷ்டியாகப் பிரித்து விட்டது.

350 சி.சி. வரை உள்ள வண்டிகளுக்கு வரி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாக இறங்கியது. 350 சி.சி.யைத் தாண்டிய வண்டிகளுக்கோ ஒரே அடியாக 40 சதவீதம். முன்பு இந்தப் பெரிய வண்டிகளுக்கு செஸ் வரியும் சேர்த்து 31 சதவீதம்தான் இருந்தது.

வரி போடும் முன் 2 லட்ச ரூபாய் அடக்க விலை உள்ள சின்ன வண்டி, பழைய வரியில் ரூ.2 லட்சத்து 56 ஆயிரம் ஆனது. இப்போது ரூ.2 லட்சத்து 36 ஆயிரம். 20 ஆயிரம் ரூபாய் மிச்சம். அதே நேரம் 3 லட்ச ரூபாய் அடக்க விலை உள்ள பெரிய வண்டி, ரூ.3 லட்சத்து 93 ஆயிரத்தில் இருந்து ரூ.4 லட்சத்து 20 ஆயிரமாக ஏறி விட்டது. 27 ஆயிரம் ரூபாய் கூடுதல்.

விலை குறைந்ததே என்று ஷோரூம் பக்கம் போகும் வாலிபர்கள் ஒருபுறம். கூட ஒரு லட்சம் போனாலும் பரவாயில்லை, பெரிய வண்டிதான் வேண்டும் என்று வீட்டில் அடம்பிடிப்பவர்கள் மறுபுறம். இரண்டு தரப்பும் ஒப்பிட்டுப் பார்ப்பது சி.சி.யையும், டாப் ஸ்பீடையும்தான். உண்மையில் ஒப்பிட வேண்டியது வேறு.

அப்பா ஓட்டிய வண்டியும் மகன் கேட்கும் வண்டியும்

இன்றைக்கு 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வேகம் என்றாலே யமகா ஆர்.எக்ஸ்.100 தான். 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன அந்த வண்டி வெறும் 98 சி.சி., 11 குதிரைத்திறன். அதற்கே ஊரெல்லாம் திரும்பிப் பார்த்தது.

2003-ல் ஹீரோ ஹோண்டா கரிஸ்மா வந்தது. 2008-ல் யமகா ஆர்-15 வந்த பிறகுதான், ரேஸ் பைக் போல குனிந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டி சாமானியர் வீட்டு வாசலுக்கு வந்தது. 2012-ல் கே.டி.எம். டியூக் 200, அடுத்த ஆண்டே டியூக் 390 என்று பந்தயம் சூடு பிடித்தது.

இதில் ஓசூருக்கும் ஒரு பங்கு உண்டு. டி.வி.எஸ். நிறுவனம் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்துடன் கைகோர்த்து உருவாக்கிய 312 சி.சி. என்ஜினைக் கொண்ட அப்பாச்சி ஆர்.ஆர்.310, 2017 டிசம்பரில் அறிமுகம் ஆனது. தயாராவது ஓசூர் தொழிற்சாலையில். 350-க்குக் கீழே இருப்பதால் புதிய வரியில் இந்த வண்டிக்கு லாபம். 2023-ல் 399 சி.சி. என்ஜினுடன் வந்த டியூக் 390 கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் விட்டது.

எடைக்கு எவ்வளவு சக்தி?

எந்த வண்டி எப்படி இழுக்கும் என்று தெரிய சி.சி.யை மட்டும் பார்த்தால் போதாது. ஒவ்வொரு 100 கிலோ எடைக்கும் எத்தனை குதிரைத்திறன் என்று பார்க்க வேண்டும்.

தினமும் வேலைக்குப் போக ஓட்டும் ஸ்பிளெண்டர் வண்டி 112 கிலோ, 8 குதிரைத்திறன். அதாவது 100 கிலோவுக்கு 7.

155 சி.சி. ஆர்-15 வண்டிக்கு இது 13.

38 குதிரைத்திறனும் 174 கிலோ எடையும் கொண்ட ஆர்.ஆர்.310-க்கு கிட்டத்தட்ட 22.

46 குதிரைத்திறன் கொண்ட டியூக் 390-க்கு 27.

1,340 சி.சி. சுசுகி ஹயபுசாவுக்கு? 266 கிலோ எடை, 190 குதிரைத்திறன். கணக்குப் போட்டால் 71! ஸ்பிளெண்டரைப் போல 10 மடங்கு.

ஸ்பிளெண்டர் ஓட்டிப் பழகிய கை, நண்பனிடம் ஓசி வாங்கிய பெரிய வண்டியின் ஆக்சிலேட்டரை அதே மாதிரி முறுக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவை இல்லை. ஹயபுசா மாதிரி வண்டி மணிக்கு 100 கி.மீ. வேகத்தை 3 நொடி அளவில் தொட்டு விடும். முன்னால் போகிற ஆட்டோ திரும்புகிறதா, நிற்கிறதா என்று மூளை யோசிப்பதற்குள் காரியம் முடிந்து விடும்.

வேகம் இரண்டு மடங்கு, தூரம் நாலு மடங்கு

60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் ஓடும். நல்ல பிரேக், நல்ல ரோடு இருந்தால் பிரேக் பிடித்த பிறகு 20 மீட்டர் அளவில் நின்று விடும்.

120 கி.மீ. வேகத்தில் போனால்? வேகம் இரண்டு மடங்குதான். ஆனால் பிரேக் பிடித்த பிறகு நிற்கும் தூரம் நாலு மடங்காகி 80 மீட்டர் ஆகி விடும். பிரேக்கை மிதிக்க எடுக்கும் ஒரு நொடியில் ஓடும் 33 மீட்டரையும் சேர்த்தால் மொத்தம் 113 மீட்டர். ஒரு கால்பந்து மைதானத்தின் நீளத்தை விட அதிகம்.

125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகள் அனைத்துக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். அது சக்கரம் லாக் ஆகி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும். 113 மீட்டரை 20 மீட்டர் ஆக்காது.

2022-ம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் பலியானவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். இதில் 74 ஆயிரத்து 897 பேர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். மொத்த பலியில் 71 சதவீதம் அதிவேகத்தால் நடந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அதே ஆண்டு விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதல் இடம். 64 ஆயிரத்து 105 விபத்துகளில் 17 ஆயிரத்து 884 பேர் உயிரிழந்தனர்.

டியூ கட்டுவது யார்?

ஆர்.ஆர்.310 மாதிரி ஒரு வண்டியின் ஷோரூம் விலை இரண்டரை லட்ச ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றப்பட்ட சாலை வரிப்படி, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட புது வண்டிக்கு 12 சதவீதம் கட்ட வேண்டும். அதுவே 30 ஆயிரம் ரூபாய் வருகிறது.

அடுத்து இன்சூரன்ஸ். புது வண்டி வாங்கும்போதே 5 ஆண்டுக்கு மூன்றாம் நபர் காப்பீடு எடுத்தாக வேண்டும். 2022 ஜூனில் நிர்ணயிக்கப்பட்ட கட்டணப்படி 75 முதல் 150 சி.சி. வரை ரூ.3,851. 150 முதல் 350 சி.சி. வரை ரூ.7,365. அதற்கு மேல் ரூ.15,117. இங்கேயும் அதே 350 சி.சி. கோடு குறுக்கே நிற்கிறது.

வண்டிக்கான சொந்தக் காப்பீடு, ஹெல்மெட், கிளவுஸ் எல்லாம் சேர்த்தால் 3 லட்சத்தைத் தொட்டு விடும். ஒரு லட்சம் முன்பணம் கட்டி, 2 லட்ச ரூபாயை 12 சதவீத வட்டிக்கு 3 ஆண்டு பைனான்ஸ் போட்டால் மாத டியூ ரூ.6,643. மூன்று ஆண்டில் வட்டி மட்டும் 39 ஆயிரம் ரூபாய்.

மாதம் 18 ஆயிரம் ரூபாய் சம்பளம் வாங்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். டியூவோடு முடிந்ததா என்றால் இல்லை. வேகமான வண்டியின் டயர் சாலையை இறுக்கிப் பிடிக்க மெதுவான ரப்பரில் செய்யப்படுவதால் சீக்கிரம் தேயும். செயின் ஸ்பிராக்கெட், பிரேக் பேடு, என்ஜின் ஆயில் எல்லாமே சாதா வண்டியை விட விலை அதிகம். ஒரு தடவை கீழே விழுந்தால் உடையும் பிளாஸ்டிக் கவரை மாற்றவே ஒரு மாதச் சம்பளம் போய் விடும்.

வீட்டு வாடகை, தங்கை படிப்பு, அம்மாவின் மருந்து இதற்கெல்லாம் போக டியூ கட்ட முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. டாப் ஸ்பீடு கேள்வி அதற்கு அப்புறம்.

பழைய பெரிய வண்டி வாங்கலாமா?

புது வண்டிக்கு வரி ஏறியதால் செகண்ட் ஹேண்ட் பெரிய வண்டி பக்கம் சிலருக்கு ஆசை திரும்பி இருக்கிறது. பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று பாய்ந்து விடக்கூடாது. விலை பாதியானாலும் ஸ்பேர் பார்ட்ஸ் விலை பாதியாகாது.

ஆர்.சி. புக்கில் உள்ள சேசிஸ் நம்பரும் வண்டியில் உள்ள நம்பரும் ஒன்றா, பைனான்ஸ் பாக்கி தீர்ந்து எச்.பி. கேன்சல் ஆகி இருக்கிறதா, முன் போர்க்கில் ஆயில் கசிகிறதா, ஹேண்டில் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வகை வண்டியைப் பிரித்துப் பழகிய மெக்கானிக்கைக் கூட்டிப் போவது நல்லது. பெயர் மாற்றம் செய்யாமல் ஓட்டினால் நாளைக்கு வழக்கு, இன்சூரன்ஸ் எல்லாமே சிக்கல்தான்.

ரோட்டில் ரேஸ் விட்டால் என்ன ஆகும்?

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, பொதுச் சாலையில் ரேஸ் விட்டால் முதல் முறை 3 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் ஒரு ஆண்டு வரை ஜெயில், ரூ.10 ஆயிரம் வரை போகும்.

18 வயது ஆகாத பையன் கையில் சாவியைக் கொடுத்து அவன் சிக்கினால், பெற்றோருக்கு 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.25 ஆயிரம் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம், வண்டியை ரேஸுக்குப் பயன்படுத்தும்போது ஏற்படும் சேதத்துக்கு இன்சூரன்ஸ் பாலிசியில் இடம் இல்லை. சொந்த வண்டி ஓட்டுபவருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் முறையான லைசென்ஸ் இருந்தால்தான் கிடைக்கும்.

2023 செப்டம்பரில் காஞ்சீபுரம் அருகே சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் பெரிய பைக்கில் வீலிங் செய்ய முயன்ற பிரபல யூடியூபர் ஒருவர் தூக்கி வீசப்பட்டார். கைது, ஜெயில் என்று போனதோடு அவரது லைசென்சும் 10 ஆண்டுகளுக்கு ரத்து செய்யப்பட்டது.

வேகத்துக்கும் இடம் இருக்கிறது

வேகமாக ஓட்டும் ஆசையே தப்பு என்று சொல்வதற்கில்லை. அதற்கான இடம் தமிழ்நாட்டிலேயே உண்டு. ஒரு காலத்தில் சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் பார்க்க கூட்டம் அலைமோதியது. இப்போது ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை செட்டிபாளையத்திலும் ரேஸ் டிராக் இருக்கிறது. அங்கே எதிரே லாரி வராது. நாய் குறுக்கே பாயாது. ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். அங்கு பெயர் எடுத்தவர்களில் பலர் கம்மி சி.சி. வண்டியில் தொடங்கியவர்கள்தான்.

அந்த டிராக்கிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் நடந்த தேசியப் போட்டியில் 13 வயது பெங்களூரு வீரர் விழுந்து உயிரிழந்தார். உடல் முழுக்கக் கவசம், பயிற்சி, டாக்டர் எல்லாம் இருந்தும் இந்த நிலை. அப்படி இருக்க, அரைக்கை சட்டையும் செருப்புமாக கிருஷ்ணகிரி ரோட்டில் 150-ல் போவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

சம்பளத்துக்குத் தக்க டியூ, கைப்பழக்கத்துக்குத் தக்க வண்டி, ஐ.எஸ்.ஐ. முத்திரை ஹெல்மெட், ஓட்டுவதற்குத் தக்க இடம். இந்த நாலும் சரியாக இருந்தால் 155 சி.சி. வண்டியே ராஜா. நாலில் ஒன்று குறைந்தாலும் 18 லட்ச ரூபாய் வண்டியாக இருந்தாலும் வீட்டுக்குப் பாரம்தான். அரசு 350 சி.சி.யில் ஒரு கோடு போட்டு விட்டது. தன் வீட்டுக் கோடு எது என்பதை அவரவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.