டிஸ்ப்ளேயில் மைனஸ் 18... ஐஸ்கிரீமோ கூழ்!

"எங்கள் பேக்கரி ஃப்ரீசரின் டிஸ்ப்ளே மைனஸ் 18 என்றுதான் காட்டுகிறது. ஆனால், ஐஸ்கிரீம் இளகிக் கிடக்கிறது. மெக்கானிக் போர்டையே மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி.

கொஞ்சம் பொறுங்கள். டிஸ்ப்ளே காட்டுவது ஐஸ்கிரீமின் குளிரை அல்ல. உள்ளே ஒரு மூலையில் இருக்கும் சென்சார் உணர்கிற குளிரை. சென்சார் தப்பாகச் சொன்னால், 'குளிர் போதும்' என்று கம்ப்ரஸரும் நின்றுவிடும். சரக்கு கெடும்.

முதல் வேலை, ஃப்ரீசருக்கான தனி தெர்மாமீட்டர் வாங்குவது. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அதில் வையுங்கள். 0 டிகிரி காட்டினால் தெர்மாமீட்டர் சரி. பிறகு அதை ஐஸ்கிரீம் டப்பாக்களுக்கு நடுவே வைத்து, சில மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

இரண்டும் ஒரே அளவைக் காட்டினால் டிஸ்ப்ளே மீது தப்பில்லை. உள்ளே போட்டிருக்கும் லோடு லைன் கோட்டுக்கு மேல் சரக்கு அடுக்கியிருக்கிறீர்களா? மூடி ரப்பர் கிழிந்திருக்கிறதா? கண்டன்ஸரில் தூசி அடைந்திருக்கிறதா? இவற்றைக் கவனியுங்கள்.

தெர்மாமீட்டர் மைனஸ் 8, டிஸ்ப்ளே மைனஸ் 18 என்றால் சந்தேகம் சென்சார் பக்கம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சென்சார் கழன்று கூலிங் காயில் மேல் சாய்ந்திருக்கலாம். கனெக்டரில் ஈரம் இறங்கிப் பாசி பிடித்தாலும், இருப்பதைவிட அதிகக் குளிர் காட்டும். காரணம், இந்த வகை சென்சாரில் குளிர் கூடக் கூட மின்தடையும் கூடும். பாசியும் மின்தடையைக் கூட்டும்.

மெக்கானிக்கிடம் ஒன்றைக் கேளுங்கள்: "மீட்டர் வைத்து சென்சாரைப் பார்த்தீர்களா?" பரவலாகப் புழங்கும் ரகத்தில் 25 டிகிரியில் 10 கிலோ ஓம் இருக்கும், ஐஸ் தண்ணீரில் முக்கினால் 27 முதல் 33 வரை ஏறும். அந்தக் கணக்கு உதைத்தால் சென்சாரை மட்டும் மாற்றினால் போதும். சென்சாரும் வயரும் சரியாக இருந்தால்தான் போர்டைச் சந்தேகிக்க வேண்டும்.

இன்னும் சில குழப்பங்கள். எண்ணுக்குப் பதில் 'பி1', 'இ1' என்று வந்தால், பல கன்ட்ரோலர்களில் அது சென்சார் கோளாறு. உங்கள் மாடலின் கையேட்டில் சரிபாருங்கள். 'டெஃப்' என்று வந்தால் பனி உருக்கும் நேரம். அரை மணி நேரம் காத்திருங்கள். திடீரென 0 காட்டினால், ஃபாரன்ஹீட்டுக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மைனஸ் 18 செல்சியஸும் 0 ஃபாரன்ஹீட்டும் ஒன்றுதான்.

இளகிய ஐஸ்கிரீமை மறுபடி உறைய வைத்து விற்காதீர்கள். உறைநிலை கிருமிகளைத் தூங்க வைக்கும், கொல்லாது. காலையும் மாலையும் தெர்மாமீட்டர் அளவை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அடுத்த முறை டிஸ்ப்ளே பொய் சொன்னால், அன்றைக்கே தெரிந்துவிடும்.