அடிக்குமுன் அதன் கண்ணைப் பாருங்கள்

ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் 2015-ல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைக் காண மாணவர்கள் திரளாகச் செல்கின்றனர். நல்லதுதான். ஆனால் காவிரிக் கரையிலும் கொள்ளிடக் கரையிலும் மேயும் மாடுகளைக் கடிக்கும் ஈக்களை எவரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. எது கடித்தாலும் 'மாட்டு ஈ' என்று சொல்லி அடித்துப் போடுகிறோம். அது போதாது என்பேன்.

தொழுவ ஈ என்று ஒன்று உண்டு. பார்வைக்கு வீட்டு ஈதான். ஊசி போன்ற உறிஞ்சுகுழல் மட்டும் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். அழுகிய வைக்கோலிலும் சாணக் குப்பையிலும் பெருகும். தொழுவத்தைத் துப்புரவாக வைத்தால் குறைந்துவிடும். கிரைசாப்ஸ் என்ற ஈயோ நீரோரச் செடிகளில் முட்டையிடும். புழுக்கள் சேற்றில் வளரும். தொழுவத்தை நாளுக்கு நான்கு முறை கழுவினாலும் அது குறையாது! மேலும், இது சேர்ந்த குடும்பத்து ஈக்கள் வாயில் ஒட்டிய குருதியோடு சர்ரா நோயைப் பரப்புபவை. அந்நோயின் கிருமியை 1880-ல் அன்றைய பஞ்சாபில் கிரிபித் எவன்ஸ் கண்டறிந்தார். ஆகவே மாடு வளர்ப்பவருக்கு ஈயின் பெயர் தெரிந்தாக வேண்டும்.

கிரைசாப்ஸை அறிவது கடினமன்று. நீளம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். தெளிந்த இறக்கையின் குறுக்கே கரும்பட்டை ஓடும். உட்காரும்போது இறக்கைகளைச் சற்றே விரித்து முக்கோணமாக வைத்துக்கொள்ளும். உணர்கொம்புகள் நீண்டவை. நம் நாட்டில் பரவலாக உள்ள இனம் கிரைசாப்ஸ் டிஸ்பார். கடிப்பது பெண் ஈ மட்டுமே. அதன் இரு கண்களுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். ஆணின் கண்களோ ஒன்றையொன்று தொடும்.

பௌதிக ஆசிரியனுக்கு ஈயிடம் என்ன வேலை என்று கேட்பீர்கள். அந்தக் கண்தான் காரணம்! கிரைசாப்ஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கே பொற்கண் என்று பொருள். பச்சையும் பொன்னுமாக மின்னும் அக்கண்ணில் கருந்திட்டுகள் இருக்கும். அந்த மினுக்கம் சாயத்தால் வருவதன்று. கண்ணின் மேலுறையிலுள்ள மிக மெல்லிய அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி அலைகளின் குறுக்கீட்டு விளைவு அது. சோப்புக் குமிழியில் நிறம் தோன்றுவதும் இவ்வாறே. ஈ இறந்து உலர்ந்ததும் அடுக்குகளின் தடிமன் மாறி, நிறம் மறைந்துவிடும். ஊசியில் குத்திப் பெட்டியில் வைத்த ஈயிடம் அதைத் தேடிப் பயனில்லை.

எனவே மாட்டின் மேல் அமர்ந்த ஈயைக் கைப்பேசியில் படம் பிடியுங்கள். இறக்கைப் பட்டை, கண்ணின் நிறம், நீர்நிலை எவ்வளவு தொலைவு என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அடியுங்கள், நான் தடுக்கமாட்டேன்.