கட்டாயம் முதலில் கம்பெனிகளுக்கு: மருத்துவக் காப்பீடு குறித்து எங்கள் நிலைப்பாடு

வண்டி வைத்திருப்பவர் மூன்றாம் நபர் காப்பீடு எடுத்தே தீர வேண்டும் என்பதுபோல, மருத்துவக் காப்பீட்டையும் எல்லோருக்கும் கட்டாயமாக்கலாம் என்ற யோசனை அவ்வப்போது எழுகிறது. இன்று இந்தியாவில் விற்கப்படும் தனியார் பாலிசிகளை வைத்துக்கொண்டு அப்படிச் செய்வதை எங்கள் நுகர்வோர் அமைப்பு எதிர்க்கிறது.

கட்டாயம் என்பதையே நாங்கள் மறுக்கவில்லை. நோயாளிகள் மட்டும் சேர்ந்தால் பிரீமியம் ஏறும், ஏறினால் ஆரோக்கியமானவர்கள் விலகுவார்கள், மறுபடி ஏறும். இந்தக் கணக்கு எங்களுக்கும் தெரியும். ஆனால் 1996 முதல் காப்பீடு கட்டாயமாக உள்ள சுவிட்சர்லாந்தில், அடிப்படைக் காப்பீடு கேட்டு வருபவரை வயதையோ நோயையோ காட்டி நிறுவனம் திருப்பி அனுப்ப முடியாது. அதில் லாபம் பார்க்கவும் கூடாது. அமெரிக்காவிலும் 2014-இல் கட்டாயம் வந்தபோது, ஏற்கெனவே உள்ள நோயைச் சொல்லி மறுப்பதற்குத் தடை வந்தது. (அங்கே மத்திய அரசின் அபராதம் 2019 முதல் பூஜ்யம், நிறுவனங்கள் மீதான தடை மட்டும் நீடிக்கிறது.)

இங்கே விண்ணப்பத்தை நிராகரிக்கலாம். ஏற்றுக்கொண்டாலும், இருக்கும் நோய்க்கு மூன்றாண்டு வரை காத்திருக்க வைக்கலாம். சம்பாத்தியம் நிற்கும் வயதில்தான் பிரீமியம் உச்சத்துக்குப் போகிறது. பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும். மாதாமாதம் வாங்கும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் நம் கைக்காசு. 2025 செப்டம்பரில் தனிநபர் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி நீங்கியது நல்லதே. இந்தக் குறைகள் எதையும் அது தொடவில்லை.

நாங்கள் ஏற்கும் கட்டாயக் காப்பீடு ஏற்கெனவே இருக்கிறது: ஈ.எஸ்.ஐ. சம்பளத்தில் தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். வயதைப் பார்ப்பதில்லை, நோயைப் பார்ப்பதில்லை. வெளிநோயாளிக்கும் மருந்து உண்டு. அதன் மருந்தகங்களைப் பற்றிக் குறை சொல்ல நிறைய இருக்கிறது, சொல்லியும் வருகிறோம். பெரிய குறை, 2017-இல் 21,000 ரூபாயாக்கிய சம்பள வரம்பு பல ஆண்டுகளாக அசையாமல் கிடப்பது. மாதம் 22,000 ரூபாயில் வேலைக்குச் சேர்பவருக்கு ஈ.எஸ்.ஐ. இல்லை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டுவதால் தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் இல்லை. எந்தப் பாதுகாப்பும் இல்லாதவர்கள் சுமார் 40 கோடி என்று 2021-இல் நிதி ஆயோக் சொன்னது இவரைப் போன்றவர்களைத்தான்.

வரம்பை உயர்த்துங்கள். சொந்தத் தொழில் செய்வோரும் வருமானத்துக்கேற்பச் செலுத்திச் சேர வழி செய்யுங்கள். யாரையும் மறுக்கக் கூடாது என்று கம்பெனிகளுக்குச் சட்டம் போடுங்கள். அதன்பின் மக்கள் மீதான கட்டாயம் பற்றிப் பேச நாங்கள் தயார். அரசு மருத்துவமனைகளுக்கான ஒதுக்கீட்டை வெட்டி, தனியார் பிரீமியத்துக்கு மானியமாகத் தரும் திட்டம் எதுவானாலும் அப்போதும் எதிர்ப்போம்.