கோகிலாவோட திறமை கும்பலுக்கு மட்டும்தான் தெரியணுமா?

2018-ல வந்த 'கோலமாவு கோகிலா' ஞாபகம் இருக்கா? நெல்சன் இயக்கத்துல நயன்தாரா நடிச்ச டார்க் காமெடி. மசாஜ் சென்டர் வேலை, பத்தாத சம்பளம், அம்மாவுக்கு கேன்சர். 'இந்த அப்பாவிப் பொண்ணால என்ன முடியும்?'னு நினைக்க வைக்கிற கோகிலா, போதைப்பொருள் கடத்துறதுல கில்லாடி ஆகிடுவா. தியேட்டரே சிரிச்சுது.

ஆனா நிதானம், சமயோசிதம், துணிச்சல் எல்லாம் அவகிட்ட முன்னாடியே இருந்துச்சு. அதை முதல்ல பயன்படுத்திக்கிட்டது கடத்தல் கும்பல்தான். படத்தோட உண்மையான கறுப்பு ஜோக் அதுதான்.

இதை அப்படியே ஆனைக்குட்டம், சிவகாசி பக்கம் வெச்சுப் பாருங்க. 2018-ல ப்ளஸ் டூ தேர்ச்சியில விருதுநகர் மாவட்டம் 97.05 சதவிகிதத்தோட மாநிலத்துலயே ஃபர்ஸ்ட். பெருமைதான். ஆனா, எல்லாரும் பாஸாகுற ஊர்ல ஃபெயிலான பொண்ணுக்கு 'மக்கு'ங்கிற பட்டம் ரெண்டு மடங்கு கனக்கும்.

அவளுக்குப் பக்கத்துலயே இருக்கறது பட்டாசு ஆலை. மருந்து அடைக்கணும், திரி வைக்கணும். ஒரு உரசல் போதும், எல்லாம் முடிஞ்சிடும். 2021 பிப்ரவரியில அச்சங்குளம் ஆலை வெடிச்சதை மறந்துட முடியுமா? அந்த இடத்துல நாள் முழுக்கக் கை நடுங்காம வேலை பார்க்குறவ மக்கா?

அந்தக் கவனத்தை மதிச்சா, பயிற்சி கொடுத்து போர்மேன் பொறுப்புக்கு ஏத்தலாம். பாதியில விட்ட படிப்பைத் தொடர வைக்கலாம். சினிமா கோகிலாவுக்குக் கடத்தல்தான் வழி காட்டுச்சு. நம்ம ஊர் கோகிலாக்களுக்கு நாமதான் காட்டணும் மக்களே!