தேய்மானத்தையும் கணக்கில் எடுப்போம்

2024 ஜனவரியில் பினாங்கின் பல பகுதிகளில் நாள் கணக்கில் தண்ணீர் தடைப்பட்டது. சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் 1,200 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு வால்வுகளை மாற்றுவதற்காகவே அந்தத் தடை. ஒரு வால்வின் ஆயுள் எவ்வளவு முக்கியம் என்பதைப் பொறியியல் மாணவனான எனக்கு அது உணர்த்தியது.

கனரக பம்புகளின் வால்வுகளுக்குச் சோதனை இன்னும் கடுமை. பிஸ்டன் பம்பில் ஒவ்வொரு வீச்சுக்கும் வால்வு திறந்து மூடுகிறது. இடையில் சிக்கும் மணல், வால்வு அமரும் பரப்பை அரம்போல் அராவுகிறது. சிறு கீறல் விழுந்தாலும் அதன் வழியே சீறும் நீர் அதைப் பள்ளமாக்கிவிடும்.

இதற்கு வழி உண்டு. கோபால்ட்டும் குரோமியமும் கலந்த ஸ்டெல்லைட்டைத் தேயும் பரப்பில் பற்றவைப்பு முறையில் பூசலாம். டங்ஸ்டன் கார்பைடு அதைவிடக் கடினமானது. ஆனால் பலமான அடி விழுந்தால் விரிசல் காணும். ஆகவே, அடியைத் தாங்க எஃகு உடல், தேய்மானத்தைத் தாங்கக் கடினமான மேற்பரப்பு என்பதே நல்ல அமைப்பு.

இவற்றின் விலை அதிகம்தான். ஆனால் தண்ணீர் நின்றால் வீடுகளும் உணவுக்கடைகளும் தொழிற்சாலைகளும் படும் இழப்பை யார் கணக்கிடுவது? வாங்கும் விலையோடு உழைக்கும் காலத்தையும் சேர்த்துப் பார்ப்பதே சரியான சிக்கனம். எஸ்.பி.எம். முடித்துப் பொறியியலை நாடும் தம்பி தங்கைகளே, பொருளறிவியலையும் பராமரிப்பையும் ஆர்வத்தோடு படியுங்கள். நாட்டுக்கு அந்த அறிவு தேவை.