பழங்கருவியும் புதுமுழக்கமும்

பழமையைப் போற்றுவோர் புதுமையோடு அது கலப்பதைக் கண்டு அஞ்சுவது வழக்கம். அவ்வச்சம் தேவையற்றது என்பதே எம் கருத்து.

செருமனி நாட்டின் 'இன் எக்ஸ்ட்ரீமோ' என்னும் இசைக்குழு 1998ஆம் ஆண்டில் ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டது. 'இறந்தோரை எழுப்புங்கள்' என்பது அதன் பெயரின் பொருள். ஐரோப்பிய இடைக்காலத்துத் தோற்பைக் குழலும், 'ஷாம்' எனப்படும் இரட்டை நாக்குடைய ஊதுகுழலும் அதில் மின்கிதாரின் பெருமுழக்கத்தோடு ஒன்றி ஒலிக்கின்றன. இடைக்காலப் பாணியில் நடைபெறும் சந்தைகளில் இக்கருவிகளை மக்கள்முன் வாசித்துத் தேர்ந்தவர்கள் அக்குழுவினர்.

ஷாம் என்பது சுர்னா என்னும் குழலின் வழிவந்தது என்றும், முஸ்லிம் நாடுகளின் வழியே ஐரோப்பாவை அடைந்தது என்றும் இசையறிஞர் கூறுவர். சீவாளி கொண்டு ஊதப்பெறும் நம் நாகசுரமும் அதே இனத்தது. அரபுமொழியின் 'நக்காரா' ஐரோப்பாவில் 'நேக்கர்' ஆயிற்று. நாகூர் தர்காவில் அது நகராவாக முழங்குகிறது. பழமை என்று ஒவ்வொரு நாடும் காப்பது முன்னொரு நாளில் வந்துசேர்ந்த புதுமையே.

தமிழகத்திற்கு இது புதிதன்று. குழல், யாழ், தண்ணுமை, முழவு ஆகியவை இயைந்து ஒலித்ததைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதை விரித்துரைக்கும். மேலை நாட்டு வயலின் இன்று கருநாடக இசையரங்கில் நீங்கா இடம்பெற்றுள்ளது. ஆந்திரத்தில் பிறந்து திருவரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா, நாகசுரத்தால் உலகப் புகழ்பெற்று, 1998ஆம் ஆண்டில் 'சங்கீத கலாநிதி' விருதும் ஏற்றார். 2018 சனவரியில் சென்னையில் அரங்கேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, பறையைக் கிதாருக்கு நிகராக மேடையில் நிறுத்தியது.

இசை குறித்து மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதை யாம் அறிவோம். அவ்வாய்வை அவர்கட்கே விடுகின்றோம். எம் கவலை கலைஞனைப் பற்றியது. பதிவுசெய்த நாகசுர ஒலியை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டு மணவிழாவை முடித்துவிடுவோர் உளர். அங்கே ஓசை எஞ்சுகிறது. ஊதுபவன் பிழைப்பை இழக்கிறான். தந்தைக்குப் பிழைப்பில்லாத தொழிலை மகன் ஏன் கற்கப்போகிறான்? கலப்பினால் ஒரு கருவி அழிவதில்லை. வாசிப்பவன் இல்லாதபோதே அழிகிறது. செருமானியக் குழுவின் சிறப்பும், அக்கருவிகளை வாசிக்கக் கற்றவரே மேடையேறியதில்தான் உள்ளது.

எனவே, கல்லூரிக் கலைவிழாக்களில் கிதார் வாசிக்கும் மாணவர்க்கு அருகே, வையம்பட்டி வட்டாரத்துப் பறைக் கலைஞரும் நாகசுரக் கலைஞரும் அமர்தல் வேண்டும். அவர்தம் பெயர் அழைப்பிதழில் அச்சேற வேண்டும். உரிய ஊதியம் அன்றே வழங்கப்பெற வேண்டும். கற்க விழையும் மாணவர் ஒருவரேனும் அவரிடம் பயிலக் கல்லூரிகள் வழிசெய்தல் வேண்டும். ஆசிரியப் பெருமக்களும் சமுதாயப் பெரியோர்களும் இதனை ஆய்ந்து ஆவன செய்வார்களாக.